மூளையில் தழும்பு விழுந்துவிட்டது என்றால் தம்பி பழையபடி ஆகமாட்டானா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 26 வயது. 5 மாதத்துக்கு முன் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிக்கு ஒதுங்கப் போய் பைக்கோடு விழுந்திருக்கிறான். ஹெல்மெட் தலையில் இல்லை, பெட்ரோல் டாங்க் மேல் இருந்தது. முன்மூளையின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் ரத்தக்கட்டு. ஆபரேஷன் தேவைப்படவில்லை, 11 நாள் ஐசியூவில் இருந்து பிழைத்து வந்துவிட்டான். இப்போது நடக்கிறான், பேசுகிறான். ஆனால் சட்டென்று கோபம் வருகிறது, காலையில் சொன்னது மதியம் மறந்துபோகிறது, மீன் குழம்பு வாசனைகூடத் தெரியவில்லை என்கிறான். புதிதாக எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘கிளியோசிஸ்’ என்று இருக்கிறது. டாக்டர் அதைத் ‘தழும்பு’ என்றாராம். யூடியூபில் ஒருவர், மூளையின் துணைச் செல்கள் சேதத்தைத் தாமாகவே சரிசெய்துவிடும், ஸ்டெம் செல் ஊசி போட்டால் அந்த வேலை வேகமாகும் என்கிறாராம். விசாரித்தால் மூன்றரை லட்சம். “இந்தத் துணைச் செல்கள் உண்மையில் என்னதான் செய்யும்?” என்பது அவர் எழுதிய கேள்வி. கேட்க நினைத்தது, தம்பி பழையபடி ஆவானா, அதற்காக நகையை அடகு வைக்கலாமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: அப்பா அவனைக் காசிமேடு மீன் ஏலத்துக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறார், போகலாமா?

நான் யார் என்பதைச் சொல்லாமல் பதில் சொல்லக்கூடாது. நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கும் டாக்டர் இல்லை நான். நரம்பு நோய்க்குறியியல் படித்தவன். 27 வருஷம் மூளைத் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன், அதில் பெரும்பகுதி வடசென்னையில். திருவொற்றியூர், மணலி, மாதவரம் ரோடுகளில் விழுந்தவர்களின் மூளைகள் என் மேஜைக்கு நிறைய வந்திருக்கின்றன. இதில் ஒரு கோணல் இருக்கிறது. என்னிடம் வந்தவை பெரும்பாலும் பிழைக்காதவர்களின் மூளைகள். உங்கள் தம்பியைப் போலத் தப்பி வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்ததே குறைவு. அதனால் என் பேச்சில் இருட்டு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். படிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, செல்களுக்கு வருவோம். நினைப்பது, நடப்பது, பேசுவது எல்லாம் நியூரான்களின் வேலை என்று பள்ளியில் படித்திருப்போம். அவற்றைச் சுற்றி இருப்பவைதான் கிளியா, நீங்கள் கேட்ட துணைச் செல்கள். 1856-இல் ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ஷோ அதற்குப் பெயர் வைக்கும்போது ‘நரம்புப் பசை’ என்ற பொருளில் வைத்தார். சும்மா ஒட்டிவைக்கும் சாந்து என்று நினைத்துவிட்டார். நியூரானைவிடக் கிளியா பத்து மடங்கு என்று இன்னும் பல வீடியோக்களில் சொல்கிறார்கள், அது பழைய கணக்கு. 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் மூளைத் திசுவைக் கரைத்து உட்கருக்களை எண்ணிப் பார்த்தபோது நியூரான் சுமார் 8,600 கோடி, மற்ற செல்களும் ஏறக்குறைய அதே அளவுதான் என்று வந்தது. உங்கள் கேள்விக்கு மூன்று வகைகள் போதும். நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட், நியூரானுக்குச் சோறு போட்டுக் கழிவை எடுத்து ரத்தக்குழாய்ச் சுவரையும் காவல் காக்கும். ஆலிகோடென்ட்ரோசைட், நரம்பிழைகளுக்கு மயலின் என்ற உறை சுற்றும், வயருக்கு பிளாஸ்டிக் மாதிரி. மைக்ரோகிளியா, ரோந்து போய் குப்பை அள்ளும். இந்த மூன்றாவது கூட்டம் மூளையில் பிறந்ததே இல்லை. கரு உருவாகும் ஆரம்ப நாட்களில் மஞ்சள்கருப் பையிலிருந்து வந்து குடியேறியவை என்று 2010-இல் எலிகளில் காட்டினார்கள். வந்து குடியேறி ஊரையே தாங்குகிறவர்களை வடசென்னைக்காரருக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

அடிபட்ட பிறகு நடப்பதை நான் மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடித் தகட்டில் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். விழுந்த வேகத்தில் மூளை மண்டையோட்டின் உள்ளே முன்னும் பின்னும் இடிக்கிறது. நெற்றிக்குக் கீழே, கண்குழிக்கு மேலே உள்ள எலும்பு உள்பக்கம் கரடுமுரடாக இருக்கும், அம்மிக் கல்லைக் கொத்தியது போல. முன்மூளையின் அடிப்பகுதி அதில் உரசித்தான் நசுங்குகிறது. உங்கள் தம்பிக்கும் அங்கேதான். நசுங்கிய இடத்தில் நியூரான்கள் தங்களிடமிருந்த குளூட்டமேட்டையும் பொட்டாசியத்தையும் கொட்டிவிடுகின்றன. குளூட்டமேட் அளவோடு இருந்தால் செய்தி, அளவு மீறினால் பக்கத்து நியூரானைக் கொல்லும் விஷம். அதை உறிஞ்சி எடுப்பது ஆஸ்ட்ரோசைட். உறிஞ்ச உறிஞ்ச தண்ணீரும் உள்ளே போய் ஆஸ்ட்ரோசைட்டே வீங்கிப்போகிறது. முதல் சில நாட்களில் ஐசியூ டாக்டர்கள் ‘மூளை வீக்கம்’ என்று பயந்தார்களே, அதில் ஒரு பெரிய பங்கு இதுதான். காப்பாற்றப் போன செல்லே வீங்கி, மூடிய மண்டைக்குள் அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறது. சில ஆஸ்ட்ரோசைட்டுகள் உடைந்து, அவற்றின் உள்ளே இருக்கும் ஜிஎஃப்ஏபி என்ற புரதம் ரத்தத்துக்கு வந்துவிடும். லேசாக அடிபட்டவருக்கு சிடி ஸ்கேன் தேவையா என்று முடிவுசெய்ய இந்தப் புரதத்தையும் இன்னொன்றையும் அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். 5 மாதம் கழிந்த பிறகு அந்தப் பரிசோதனையால் உங்களுக்குப் பயனில்லை, யாராவது எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மைக்ரோகிளியா அதைவிட வேகம். 2005-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் உயிருள்ள எலியின் மூளையைப் பார்த்தபோது, சும்மா இருக்கும்போதே இந்தச் செல்களின் கைகள் ஓயாமல் துழாவிக்கொண்டிருந்தன. லேசரால் ஒரு சின்னப் புள்ளியைச் சுட்டதும் சில நிமிஷத்தில் சுற்றியுள்ள செல்களெல்லாம் அந்தப் பக்கம் கையை நீட்டிச் சூழ்ந்துகொண்டன. எனக்கு அந்த நேரடிக் காட்சி கிடைத்ததில்லை. தகட்டில் எல்லாமே உறைந்து நிற்கும். முதல் நாள் நியூரான்கள் சுருங்கிச் சிவந்து கிடக்கும். 4, 5 நாள் கடந்து இறந்தவர்களிடம், செத்ததைத் தின்று வயிறு நுரைத்த செல்கள் குவிந்திருக்கும். அவற்றில் மைக்ரோகிளியாவும் உண்டு, ரத்தத்திலிருந்து வந்தவையும் உண்டு. ஒரு வாரம் தாண்டினால் ஓரத்தில் ஆஸ்ட்ரோசைட்டுகள் உடல் பெருத்து, உட்கரு ஒரு பக்கம் ஒதுங்கி, கை கோத்து நிற்கும். மாதங்கள் கழிந்தால் அந்தக் கை கோத்த இழைகள் மட்டும் கெட்டியான வேலியாக நிற்கும், உள்ளே குழி. வருஷக் கணக்கில் ஆன பழைய அடியை வெறும் கண்ணாலேயே அடையாளம் காணலாம். மூளையின் மடிப்பு உச்சியில் பழுத்த வெற்றிலை நிறத்தில் அமுங்கிய ஒரு பள்ளம், பழைய ரத்தத்தின் இரும்புக் கறை. மாரடைப்பு, சர்க்கரை நோய் என்று வேறெதிலோ இறந்த வயதானவர்களிடம் அந்தப் பள்ளத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டாரிடம் விசாரித்தால், “ஆமா சார், சின்ன வயசுல ஹார்பர்ல கீழ விழுந்தாரு. அப்புறம் முப்பது வருஷம் வேலை பாத்தாரே” என்பார்கள். தழும்பு இருக்கிறது என்பதும் வாழ்க்கை போய்விட்டது என்பதும் ஒன்றல்ல என்று நான் கற்றுக்கொண்டது அவர்களிடம்தான்.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அந்த வார்த்தை. கிளியோசிஸ் என்றால் ஆஸ்ட்ரோசைட் கட்டிய வேலி. அது நல்லதா கெட்டதா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது ஆற்றில் மிதவைத் தடுப்பு போட்டார்களே, நினைவிருக்கும். தடுப்பு இல்லையென்றால் எண்ணெய் இன்னும் பரவும். ஆனால் அதே தடுப்பு படகுக்கும் குறுக்கேதான் நிற்கும். நான் படித்த காலத்தில் படகு பக்கத்தை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: கிளியல் தழும்பு நரம்பிழை வளரவிடாத சுவர், அதை உடைத்தால்தான் விடிவு என்று. நானும் மாணவர்களுக்கு அப்படியே சொன்னேன், தப்பு. அந்த வேலி போடும் செல்களை எலியிலிருந்து நீக்கிப் பார்த்தபோது காயம் பெரிதானது, அழற்சி நல்ல திசுவுக்குப் பரவியது, எலி இன்னும் மோசமாக நடந்தது. 2016-இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது: வேலியைத் தடுத்தால் நரம்பிழை கூடுதலாக வளரவில்லை, சரியான தூண்டுதல் கொடுத்தால் வேலியைத் தாண்டியே வளர்ந்தது. இதெல்லாம் எலியின் தண்டுவடத்தில். மனித மூளையில் அப்படியே நடக்கும் என்று நான் எழுதித் தரமாட்டேன். ஆனால் வேலி போட்டதால்தான் சேதம் அந்த அளவில் நின்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வார்த்தையைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காயம் ஆறி முடிந்தது என்பதற்கு ரிப்போர்ட்டில் எழுதும் வழக்கமான சொல் அது.

என்னைக் கேட்டால் கோபத்துக்கும் மறதிக்கும் அந்தத் தழும்பு பாதிக் காரணம்தான். மீதி, ஸ்கேனில் சரியாகத் தெரியாத இடத்தில் இருக்கலாம். தலை திடீரென்று சுழன்று நிற்கும்போது மூளையின் வெள்ளைப் பகுதியில் நீண்ட நரம்பிழைகள் இழுபட்டு முறுக்கிக்கொள்கின்றன. விழுந்து இரண்டு மூன்று மணி நேரத்திலேயே, சரியான சாயம் போட்டால், இழைகள் அங்கங்கே முடிச்சு விழுந்து புடைத்திருப்பதைப் பார்க்க முடியும், கிழிந்த வலையில் தொங்கும் நூல் மாதிரி. இழை போனால் உறை சுற்றிய ஆலிகோடென்ட்ரோசைட்டும் சாகிறது. உறை போன இழையில் செய்தி மெதுவாகும், சில சமயம் நின்றேபோகும். யோசிக்க நேரம் பிடிப்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிச்சல் வருவது எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆறுதலான விஷயம் என்னவென்றால், வளர்ந்தவர்களின் மூளையிலும் ஆலிகோடென்ட்ரோசைட்டாக மாறக்கூடிய இளம் செல்கள் மிச்சம் இருக்கின்றன. அடிபட்டால் பெருகும், புது உறையும் சுற்றும். துணைச் செல்கள் ‘சரிசெய்யும்’ என்று சொல்ல நியாயமான இடம் இருந்தால் அது இங்கேதான். எவ்வளவு, எத்தனை மாதம் என்பது ஆளுக்கு ஆள் வேறு.

அடுத்து வருவது பிடிக்காத செய்தி. மைக்ரோகிளியா குப்பை அள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. அடிபட்டு 17 வருஷம் ஆனவர்களிடம்கூட அவை விழிப்பாக இருப்பதை 2011-இல் லண்டனில் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். 2013-இல் வந்த ஒரு பிரேதப் பரிசோதனை ஆய்விலும், ஒரே ஒரு முறை அடிபட்ட சிலருக்கு வருஷங்கள் கழித்தும் வெள்ளைப் பகுதியில் அவை கூட்டம் கூட்டமாக இருந்தன. அப்படியென்றால் அவற்றை அடக்கினால் நல்லதுதானே? அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2018-இல் வந்தது. மைக்ரோகிளியா அடங்கியது ஸ்கேனில் தெரிந்தது. ஆனால் நரம்பிழை சிதைவைக் காட்டும் புரதம் ரத்தத்தில் கூடிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அவை ஏதோ உருப்படியான வேலை செய்துகொண்டிருந்தன போல. கெட்டதைச் செய்கிறதா நல்லதைச் செய்கிறதா என்ற கேள்வியே தவறாக இருக்கலாம். வீடியோக்களில் ‘நல்ல ஆஸ்ட்ரோசைட், கெட்ட ஆஸ்ட்ரோசைட்’ என்று ஏ2, ஏ1 எனப் பெயர் போட்டுப் பிரிப்பார்கள். அந்தத் துறையின் ஆட்களே 2021-இல் ஒன்றுகூடி, அந்த இரட்டைப் பிரிவை விட்டுவிடுங்கள் என்று எழுதிவிட்டார்கள். ஆஸ்ட்ரோசைட்டை நியூரானாக மாற்றிவிட்டோம் என்று 2020-இல் பெரிய பரபரப்பு, அடுத்த வருஷமே இன்னொரு குழு கவனமாகத் தடம் பிடித்துப் பார்த்தபோது, அவை மாறியவை இல்லை, முன்பே அங்கிருந்த நியூரான்கள்தான் என்றது. இன்னும் சண்டை ஓயவில்லை. மனிதர்களுக்கு வர நாளாகும்.

அதனால் மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். அழற்சியைக் குறைத்தால் மூளை பிழைக்கும் என்ற நம்பிக்கையில் தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது ஒரு காலத்தில் சகஜம். 10,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது: இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு வாங்கியவர்களில் 21.1 சதவீதம், வாங்காதவர்களில் 17.9 சதவீதம். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கொடுத்தது ஆளைக் கொன்றிருக்கிறது. ‘மூளைச் சத்து’ என்று மாதக்கணக்கில் எழுதித் தரும் சிட்டிகோலின், 2012-இல் தலையில் அடிபட்ட 1,213 பேரிடம் சோதித்ததில் 90 நாள் கழித்து சும்மா மாத்திரையைவிட ஒரு பயனும் காட்டவில்லை. உங்கள் சீட்டில் அது இருந்தால், தொடர வேண்டுமா என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள், மாதம் சில ஆயிரம் மிச்சமாகலாம். ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, சில ரத்த நோய்கள் மாதிரி ஏற்கப்பட்ட ஒருசில பயன்பாடுகள் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிதான், சிகிச்சை என்று சொல்லி விற்கக்கூடாது என்று 2017-இன் இந்திய வழிகாட்டுதல் சொல்கிறது. தலைக்காயம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டே மூன்றரை லட்சம் கேட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அப்படியானால் இந்த 5 மாதத்தில் அவன் எழுந்து நடந்தது எப்படி? மிச்சமிருக்கும் நியூரான்கள் புது வழி போட்டுக்கொள்கின்றன, துணைச் செல்கள் அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கின்றன. புது வழி போடுவது பழக்கத்தால் நடப்பது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுவது, இவை லட்ச ரூபாய் ஊசியைவிட மேல் என்பது என் கருத்து. முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும். ஆனால் ஒரு வருஷத்தோடு கதவு சாத்திக்கொள்வதில்லை. ‘பழையபடி’ என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. முன்மூளையில் இரண்டு பக்கமும் அடிபட்டவர்களுக்குக் கோபமும் அவசரமும் கொஞ்சம் தங்கிவிடுவதுண்டு. அது அவன் குணம் கெட்டதால் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், குறிப்பாக அம்மாவுக்கு. வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தவே கூடாது. தழும்பைச் சுற்றியுள்ள ஆஸ்ட்ரோசைட்டுகளால் பொட்டாசியத்தைச் சரியாக அள்ள முடியாமல் போவதும் பின்னாளில் வரும் வலிப்புக்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். அதே சமயம், முன்னெச்சரிக்கையாகக் கொடுத்த மருந்து முதல் வாரத்து வலிப்பைத்தான் குறைத்தது, பின்னால் வருவதைத் தடுக்கவில்லை என்று 1990-லேயே காட்டிவிட்டார்கள். அதனால் இதுவரை வலிப்பு வராதவன் என்றால் “இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்பது நியாயமான கேள்விதான். பைக் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். விழித்திருக்கும் மைக்ரோகிளியா இரண்டாவது அடிக்கு இன்னும் மூர்க்கமாகப் பாயும் என்பது விலங்குகளில் பலமுறை பார்த்த விஷயம். தூக்கத்தில் மூளை கழுவப்படுகிறது என்ற பேச்சு 2013 எலி ஆய்விலிருந்து வந்தது, 2024-இல் அதற்கு நேர் எதிரான முடிவும் வந்திருக்கிறது. கழுவுகிறதோ இல்லையோ, தூங்காத அன்று அவன் கோபம் கூடுகிறதா என்று நீங்களே கவனித்துப் பாருங்கள்.

வாசனையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய இழைகள் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட எலும்பு வழியாக ஏறுகின்றன. மூளை அசையும்போது அந்த இழைகள் அறுந்துபோகும். ஆனால் மூக்கின் உள்சவ்வில் உள்ள வாசனை நியூரான்கள் உடம்பின் அபூர்வமான ஜாதி, ஆயுசு முழுக்கப் புதிதாக முளைக்கும். அவற்றோடு வரும் துணைச் செல்களும் தனி ரகம், புது இழையைக் கையைப் பிடித்து மூளைவரை கூட்டிப்போய் விடும். அதனால் சிலருக்கு, பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள், வாசனை கொஞ்சம் திரும்புகிறது. மேலே போய்ச் சேரும் இடமே நசுங்கியிருந்தால் திரும்பாது. கிராம்பு, எலுமிச்சை, யூக்கலிப்டஸ் தைலம், ரோஜா என்று நாலு வாசனையைக் காலையும் மாலையும் சில நொடி முகரவைக்கும் பயிற்சி உண்டு. அடிபட்டுப் போன வாசனைக்கு அது பெரிதாக உதவும் என்று சொல்லமாட்டேன், செலவு இல்லை, கெடுதலும் இல்லை. அதைவிட முக்கியம், அவனைத் தனியாக விட்டு கேஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லாதீர்கள். 2023 டிசம்பரில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்த இரவு மக்கள் நெடியை உணர்ந்துதான் எழுந்து ஓடினார்கள். அவனுக்கு அந்த நெடி தெரியாது. நம் பக்கத்தில் குடியிருந்தால் யாராவது ஒருவர் அவன் மூக்காக இருக்க வேண்டும்.

காசிமேட்டுக்குத் தாராளமாகப் போகட்டும். ஆனால் அவனைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வேண்டாம், வாரநாளில், ஏலச் சத்தம் ஓய்ந்த பிறகு அரை மணி நேரம் போதும். மறுநாள் தலைவலியோ எரிச்சலோ கூடினால் அடுத்த முறை கால் மணி நேரமாகக் குறையுங்கள். தரை மீன் தண்ணீரில் வழுக்கும், அப்பா கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அப்புறம், வஞ்சிரத்தைத் தூக்கி அவன் மூக்குப் பக்கத்தில் வைத்து “தெரியுதாடா?” என்று யாரும் பரீட்சை வைக்க வேண்டாம். தெரிந்தால் அவனே சொல்வான்.